புதுப் பலகை வாங்குவதற்கு முன்: விண்ட்சர்ஃபிங் பலகையின் வேகத்தையும் எதிர்காற்று ஓட்டத்தையும் மேம்படுத்தும் முறை

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் பலத்தால் நீர்மேல் ஓடும் விளையாட்டைப் பழகுகிறவருக்குப் பணத்தைவிட நேரமே பெரிய செலவு. சென்னைக் கடல் நமக்கு 250 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்றாலும், அங்கே கரையோரத்தில் அலை உடைந்துகொண்டே இருப்பதால், புதியவர்கள் சமமான நீரைத் தேடி இராமேஸ்வரம் பக்கம் போக வேண்டியிருக்கிறது. அது தர்மபுரி, சேலம், மதுரை வழியாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய், இரண்டு நாள் காற்றில் ஒரு நாளைக் கயிறு முடிவதிலும் இன்னொரு நாளைக் கரையோரம் பலகையைச் சுமந்து நடப்பதிலும் கழித்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு வேதனையானது என்பதை நான் இரண்டு பருவங்கள் அனுபவித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இறங்கிய இடத்துக்கு என்னால் திரும்ப முடியவில்லை. காற்று தள்ளிய பக்கம் ஒரு கிலோமீட்டர் ஒதுங்கி, அங்கிருந்து பாயையும் பலகையையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன்.

பலகைதான் குற்றவாளி என்று நம்பி, கடன் வாங்கிப் புதியதொன்றை வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக அளந்து பார்த்தபோது, பலகையில் குறை எதுவும் இல்லை. பாயை மூன்று சென்டிமீட்டர் குறைவாக இழுத்துக் கட்டியிருந்ததும், பலகையின் அடியில் செருகும் ஃபின் என்ற துடுப்பு பத்து சென்டிமீட்டர் குட்டையாக இருந்ததும், பாயின் இழுப்பை இடுப்புக் கச்சையில் தாங்க உதவும் ஹார்னஸ் கயிறு தவறான இடத்தில் இருந்ததும்தான் காரணம் என்று தெரியவந்தது. இவற்றில் ஃபின் ஒன்றுக்கு மட்டுமே பணம் தேவைப்பட்டது. ஆகவே இந்த வழிகாட்டி செலவில்லாத வேலைகளில் தொடங்குகிறது. வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. கையில் இருப்பதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்து மீட்டர் டேப், பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஆகிய மூன்றும் போதும். கைத்தராசு 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பலகையின் மேல்தளத்தில் அல்லது அடியில் அச்சிட்டிருக்கும் நீளம், அகலம், லிட்டர் கணக்கிலான கொள்ளளவு, பரிந்துரைத்த பாய் அளவு, பரிந்துரைத்த ஃபின் நீளம் ஆகியவற்றை எழுதுங்கள். பாயின் அடிமூலையில் சதுர மீட்டர் அளவும், லஃப் என்ற முன்விளிம்பு நீளமும், பூம் என்ற கைப்பிடிக் குழாய்க்கு வேண்டிய நீளமும், மாஸ்ட் என்ற பாய்மரக் கம்பம் எந்த நீளத்தில் பொருந்தும் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். மாஸ்டின் அடிப்பகுதியில் அதன் நீளமும், விறைப்பைக் குறிக்கும் ஐ.எம்.சி.எஸ். எண்ணும் இருக்கும்; 400 சென்டிமீட்டர் மாஸ்டுக்கு அந்த எண் வழக்கமாக 19, 430க்கு 21, 460க்கு 25. இவை அனைத்தையும் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். பழைய பொருள்களில் இந்த எழுத்துகள் உப்பும் வெயிலும் பட்டு அழிந்துகொண்டே வருவதால், அடுத்த ஆண்டு இவை உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

பிறகு பலகையை நிறுத்துப் பாருங்கள். தயாரித்தவர் சொன்ன எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதை ஆறாவது படியில் கவனிக்கலாம்.

2. காற்றை எதிர்த்து ஏறுவது எதனால் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்கு இது எளிதாக விளங்கும். பரிசலின் அடி தட்டையானது. பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்க அதன் அடியில் எதுவும் இல்லாததால், தள்ளுகிற பக்கமெல்லாம் அது போகும். நம் பலகையும் ஃபின் இல்லாவிட்டால் அப்படித்தான். பாய் பலகையை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் சேர்த்தே தள்ளுகிறது. அடியில் இருக்கும் ஃபின், விமானத்தின் இறக்கை காற்றில் செய்வதைப் போல, தண்ணீரில் எதிர்ப்பக்கமாக ஒரு விசையை உண்டாக்கிப் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கிக்கொள்கிறது. அந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 20 ஆனால் ஃபின்னின் பிடிப்பு நான்கு மடங்காகும். மெதுவாகப் போகும் பலகை பக்கவாட்டில் வழுக்குவதற்கும், வேகமாகப் போகும் பலகை தண்டவாளத்தில் போவதுபோல் போவதற்கும் இதுவே காரணம்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. காற்றுக்கு எதிராக ஏற வேண்டும் என்ற அவசரத்தில், கிளம்பியவுடன் மூக்கை நேராகக் காற்றின் பக்கம் திருப்புகிறார்கள். வேகம் குறைகிறது, ஃபின் பிடிப்பை இழக்கிறது, பலகை முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் அதிகமாக நகர்கிறது. நான் இப்படியே தவித்துக்கொண்டிருந்ததைக் கரையிலிருந்து பார்த்த வயதான மீனவர் ஒருவர், "மொதல்ல ஓட்டம் புடிக்கட்டும் தம்பி, பெறகு காத்துல ஏத்துங்க" என்று சொன்னார். கணக்கும் அதையே சொல்கிறது. காற்று வரும் திசைக்கு 45 பாகை கோணத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்றை நோக்கி நீங்கள் ஏறுவது மணிக்கு 12.7 கிலோமீட்டர்; 55 பாகைக்கு இறங்கி 25 கிலோமீட்டர் வேகம் பிடித்தால் ஏறுவது 14.3 கிலோமீட்டர். கோணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தவர்தான் முதலில் மேலே போய்ச் சேருகிறார்.

3. பாயை மொட்டைமாடியில் கட்டிச் சரிபாருங்கள்

இந்தப் படிக்கு இரண்டு காலை வேளைகளை ஒதுக்குங்கள். இதற்கு ஈடான பலனைத் தரும் வேறு எந்த வேலையும் இல்லை. காற்றெழும்பாத அதிகாலையில், மாடித் தளம் பாயை உராயாதபடி கோரைப்பாய் விரித்தோ பழைய போர்வை விரித்தோ அதன்மேல் கட்டுங்கள். கடற்கரை மணலில் காற்று இழுக்கும்போது கற்க முடியாததை இங்கே அமைதியாகக் கற்கலாம்.

முதல் கணக்கு மாஸ்டின் நீட்சி. பாயில் லஃப் 458 என்று இருந்து உங்கள் மாஸ்ட் 430 ஆனால், அடியில் செருகும் நீட்சியை 28 சென்டிமீட்டரில் வைக்க வேண்டும். பிறகு பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் டவுன்ஹால் கயிற்றை, பாயின் அடிக் கப்பிக்கும் நீட்சியின் கப்பிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் இருக்கும்வரை இழுக்க வேண்டும். இதற்கு வேண்டிய பலத்தைப் புதியவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை. கையால் இழுத்தால் போதாது. கயிற்றின் முனையை ஒரு குறுந்தடியில் சுற்றி, உட்கார்ந்து, ஒரு காலை நீட்சியின் அடியில் முட்டுக்கொடுத்து, முதுகை வளைக்காமல் இழுக்க வேண்டும்.

சரியாக இழுத்திருக்கிறீர்களா என்பதைப் பாயின் உச்சியில் பாருங்கள். மேலேயுள்ள இரண்டு பேட்டன் குச்சிகளுக்கு நடுவில், பாயின் பின்விளிம்பு இறுக்கமின்றித் தளர்ந்து, அந்தத் தளர்வு மாஸ்டை நோக்கி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி தூரம்வரை வந்திருக்க வேண்டும். பல பாய்களில் தளர்வு எதுவரை வர வேண்டும் என்பதற்குச் சிறிய அடையாளம் அச்சிட்டிருக்கும். தரையில் பார்க்கும்போது இப்படித் தளர்ந்த பாய் கெட்டுப்போனதுபோல் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் மூன்று சென்டிமீட்டரை விட்டுவைத்திருந்தேன். ஆனால் வேகக்காற்று ஒன்று வீசும்போது அந்தத் தளர்ந்த உச்சி முறுக்கிக்கொடுத்து அதிகப்படியான காற்றை வெளியேற்றுகிறது. உச்சி இறுக்கமாக இருந்தால் காற்று வெளியேற வழியின்றி, பாயின் விசை மையம் பின்னோக்கி நகர்கிறது. பின்கைக்குப் பாரம் கூடுகிறது. பலகையின் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பி வேகம் அறுந்துபோகிறது. அந்தப் பாரத்தைத்தான் புதியவர்கள் பாயின் பலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் அவுட்ஹால் கயிறு இதற்கு நேர்மாறாகக் குறைவாகவே இழுக்கப்பட வேண்டியது. பூம் நீளத்தை அச்சிட்ட எண்ணில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் இழுத்தால் போதும். காற்று பலமாகி எதிர்காற்றில் ஏற வேண்டியிருந்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் இழுத்துப் பாயைத் தட்டையாக்கலாம். காற்று குறைவாக இருந்தால் விட்டுக்கொடுத்துப் பாய்க்கு வயிறு கொடுக்கலாம். ஆனால் பாய் நிறைந்து நிற்கும்போது அதன் துணி பூமைத் தொட்டு அழுந்தினால், விட்டது அதிகம் என்று பொருள்.

இந்தப் படியில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது கயிறு. இரும்புக்கடையில் கிடைக்கும் நைலான் கயிறு பலமானதுதான், ஆனால் நீளும் தன்மையுள்ளது. மாடியில் சரியாகக் கட்டிய பாய், தண்ணீரில் அரைமணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தளர்ந்துபோகும். நீளாத டைனீமா வகைக் கயிறு நான்கு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு மீட்டர் 100 ரூபாய்க்குள் கிடைத்தது. இரண்டாவது மாஸ்டின் வளைவு. ஒரே நீளமும் ஒரே ஐ.எம்.சி.எஸ். எண்ணும் உள்ள இரண்டு மாஸ்டுகளில் ஒன்று உச்சியில் அதிகமாகவும் மற்றொன்று சீராகவும் வளையலாம். எவ்வளவு இழுத்தாலும் உச்சி தளராமலோ, நடுவில் மட்டும் சுருக்கம் விழுந்தோ காணப்பட்டால், மாஸ்டும் பாயும் பொருந்தாதவை. எனக்குப் பழைய பொருள்களை விற்றவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கத் தெரியாமல் இருந்தேன். பழைய செட் வாங்குகிறவர்கள், விற்பவரைப் பாயைக் கட்டிக் காட்டச் சொல்லி, அந்தத் தளர்வைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

4. ஃபின்னைப் பாருங்கள்

பலகையின் அகலமும் பாயின் அளவும் சேர்ந்துதான் ஃபின்னின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. என்னுடையது 135 லிட்டர் கொள்ளளவும் 78 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை. 7 சதுர மீட்டர் பாய்க்கு 46 சென்டிமீட்டர் அளவிலான ஃபின் அதற்குப் பொருத்தமானது. அதில் பொருத்தியிருந்ததோ 36 சென்டிமீட்டர். குட்டை ஃபின்னில் கால் அழுத்தியவுடன் பலகையின் வால் திடீரென்று பக்கவாட்டில் நழுவும். ஃபின்னைச் சுற்றிக் காற்றுக்குமிழ் புகுந்து பிடிப்பு அறுவதால் நேரும் இதை ஸ்பின்அவுட் என்பார்கள். அளவுக்கு மீறிய நீள ஃபின்னும் நல்லதன்று. பலமான காற்றில் அது பலகையின் ஓரத்தைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும், வேகத்தையும் குறைக்கும். எதிர்காற்றில் ஏறுவதே உங்கள் முதல் குறையானால், பரிந்துரைத்த வரம்பின் மேல் எல்லையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றம் கைவந்த பிறகு, வேகத்துக்காக இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் பலகையின் ஃபின் பெட்டி எந்த வகை என்பதை உறுதிசெய்யுங்கள். பவர் பாக்ஸ், டட்டில், டீப் டட்டில், யு.எஸ். பாக்ஸ் என்று பல வகைகள் உண்டு. பொதுவாக ஒன்றுக்குரிய ஃபின் மற்றொன்றில் பொருந்தாது. மேல்தளத்திலிருந்து ஒரே திருகு இறங்கினால் பவர் பாக்ஸ். இரண்டு திருகுகள் இறங்கினால் டட்டில் வகை. அடியில் நீளமான பள்ளம் இருந்து ஃபின்னை முன்னும் பின்னும் நகர்த்த முடிந்தால் யு.எஸ். பாக்ஸ். ஜி-10 என்ற கண்ணாடியிழைத் தகட்டில் வெட்டிய நல்ல ஃபின், எனக்குக் கிடைத்த விலைப்பட்டியல்களில், சுங்கவரிக்கு முன்பே 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை இருந்தது. பழையது கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்; முன்விளிம்பில் சிறு பற்கள் விழுந்திருந்தால் 400, பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். விரிசல் அடியிலிருந்து கிளம்பியிருந்தால் மட்டும் வேண்டாம்.

இராமேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவின் ஆழமற்ற பகுதிகளில் கடற்புல் நிறைய உண்டு. நேரான ஃபின்னில் புல் சிக்கினால் பலகை பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் நிற்கும். பிறகு ஸ்பின்அவுட் ஆகும். அங்கே அடிக்கடி போகிறவர்களுக்குப் பின்னோக்கிச் சாய்ந்த வீட் ஃபின் தேவைப்படும். அது நீளத்தில் குறைந்தாலும் பரப்பில் குறையக் கூடாது. இடுப்பளவு நீருக்குக் குறைவான இடத்தில் ஓட்டாதீர்கள்; ஃபின் தரையில் தட்டினால் பெட்டியே பிளந்துவிடும், கடற்புல்லும் வேரோடு பிடுங்கப்படும்.

5. மாஸ்ட் அடி, பூம் உயரம், ஹார்னஸ் கயிறு

மாஸ்டின் அடி பலகையில் பொருந்தும் பள்ளத்தை மாஸ்ட் டிராக் என்பார்கள். அதன் நடுவில் தொடங்குங்கள். முன்னே நகர்த்தினால் பலகையின் முன்பகுதி தண்ணீரில் அழுந்தி, நனையும் நீளம் கூடி, சிற்றலையில் அடங்கி ஓடும். எதிர்காற்றில் ஏறவும் உதவும். பின்னே நகர்த்தினால் மூக்கு எழும்பி, உராய்வு குறைந்து, வேகம் கூடும். ஆனால் கட்டுப்பாடு குறையும். ஒரு நேரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். வாலின் நுனியிலிருந்து டேப்பால் அளந்து எண்ணை நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் பள்ளத்தின் ஓரத்தில் உள்ள கோடுகள் பலகைக்குப் பலகை மாறுபடும்.

பூம், நீங்கள் பலகைமேல் நிற்கும்போது தோளுக்கும் தாடைக்கும் இடையில் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் உங்கள் எடை கால்கள் வழியாகப் பலகையில் இறங்கி அதை அழுத்தும். உயரமாக இருந்தால் எடை பாயில் தொங்கி, பலகை இலேசாகும்.

ஹார்னஸ் கயிறு சரியான இடத்தில் இருப்பதற்கான சோதனை எளிது: ஓடும்போது இரண்டு கைகளையும் பூமிலிருந்து ஒரு கணம் தளர்த்துங்கள், பாய் அப்படியே நின்றால் சரி. பின்கை இழுபட்டால் கயிறுகள் இரண்டையும் இரண்டு விரல் அகலம் பின்னே நகர்த்துங்கள். முன்கை இழுபட்டால் முன்னே. அதற்கு முன் டவுன்ஹாலைச் சரிசெய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான பாய்க்கு ஏற்றபடி கயிற்றை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். நீளத்தைப் பொறுத்தவரை 28 அல்லது 30 அங்குலம் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. முழங்கையைப் பூமில் ஊன்றினால் கயிற்றின் வளைவு மணிக்கட்டுக்குச் சற்று மேலாக வருவது நல்ல தொடக்கம்.

6. பலகையின் அடிப்பரப்பைச் சரிசெய்யுங்கள்

பலகை நீர்மேல் எழும்பி வழுக்கி ஓடும்போது, அதாவது பிளேனிங் செய்யும்போது, தண்ணீரைத் தொடுவது அடிப்பரப்பின் பின்பகுதி மட்டுமே. ஆகவே வாலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பகுதியில் உங்கள் கவனம் முழுவதும் இருக்கட்டும். மூக்கில் உள்ள கீறல்களைத் தேய்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் நேரான அலுமினியப் பட்டையை நீளவாட்டில் வைத்துக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வாலின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். அடிபட்டு உருண்டுபோன ஓரத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு மேலேறி, பலகையைப் பின்னுக்கு இழுக்கிறது.

பள்ளங்களை அடைக்க எபாக்சி மட்டுமே பயன்படுத்துங்கள். கார் டிங்கரிங் பட்டறைகளில் தரும் பாலியெஸ்டர் பூச்சு மலிவானது, சீக்கிரம் காய்வது; ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன், பலகைக்குள் இருக்கும் வெள்ளை நுரைப்பொருளைக் கரைத்துவிடும். வெளியே அழகாகவும் உள்ளே குழியாகவும் போன பலகையை மீட்க முடியாது. எபாக்சியின் இரண்டு பாகங்களையும் புட்டியில் சொன்ன எடை விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் கலவை நிமிடங்களில் இறுகத் தொடங்கும், மார்கழிக் குளிரில், அதிலும் ஓசூர் பக்கம், ஒரு நாள் கூடுதலாகக் காய விட வேண்டும். கடைசியாக 400, 600 எண் வாட்டர் பேப்பரை ஒரு சமமான கட்டையில் சுற்றி, மூக்கிலிருந்து வால் நோக்கிய திசையிலேயே நீர் விட்டுத் தேய்த்தால் போதும். பத்துத் தாள் 300 ரூபாய்க்குள் முடியும். மெழுகு பூசாதீர்கள். உண்மையைச் சொன்னால், இப்படித் தேய்ப்பதால் கிடைக்கும் வேகம் மிகச் சிறியது. ஓரத்தைக் கூராக்குவதும் பள்ளத்தை அடைப்பதும்தான் கணிசமான பலன் தருகின்றன.

எடை கூடியிருந்த பலகைக்கு இப்போது வருவோம். மேல்தளத்தில் உள்ள காற்றுத் திருகை இறுக்கி மூடி, பலகையைக் காலை வெயிலில் சிறிது நேரம் வைத்தால் உள்ளேயிருக்கும் காற்று விரியும். ஃபின் பெட்டி, மாஸ்ட் டிராக், கால்வார்த் திருகுகள் ஆகியவற்றைச் சுற்றிச் சோப்பு நீர் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி வரும். பஞ்சர்க் கடைக் கம்பிரஸரால் காற்று ஏற்றிச் சோதிக்கச் சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், பலகையின் தோல் நுரையிலிருந்து பிரிந்துவிடும்.

7. வாங்கவோ அனுப்பவோ வேண்டியிருந்தால் வேண்டிய ஆவணங்கள்

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், விலைச்சீட்டில் பொருளின் பெயர் தெளிவாக எழுதப்பட வேண்டும். சுங்க அட்டவணையில் விண்ட்சர்ஃபிங் பலகைக்கு 9506 21 என்ற தனித் தலைப்பே இருக்கிறது. "விளையாட்டுப் பொருள்" என்று மட்டும் எழுதியிருந்தால் விளக்கக் கடிதங்களில் நாள்கள் போகும். கூரியர் வழியாக வந்தால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். அவற்றிலும் விலைச்சீட்டிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். பணம் செலுத்திய வங்கிச் சான்றையும் சேர்த்து வையுங்கள். வரியையும் கிடங்குக் கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள், ஏனெனில் பலகை எடையில் குறைவானாலும் இடத்தை அடைப்பதால், கூரியர்காரர்கள் எடைக்கன்றிக் கன அளவுக்கே கட்டணம் போடுவார்கள்.

கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் இல்லாததால், பலகை பெரும்பாலும் பார்சல் லாரியில்தான் வரும். பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு இ-வே பில் தேவையில்லை என்றாலும், லாரி ஷெட்டில் அதை ஒப்புக்கொள்ள, "இது நான் பயன்படுத்திய சொந்தப் பொருள், விற்பனைக்கு அன்று" என்று கையெழுத்திட்ட கடிதமும் ஆதார் நகலும் கொடுத்துவிடுங்கள். இறக்கியவுடன், ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பையைத் திறந்து மூக்கையும் வாலையும் பாருங்கள். சேதம் இருந்தால் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

8. பருவம், இடம், பாதுகாப்பு

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையும், வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் இராமேஸ்வரம் பக்கம் நம்பத்தக்க காற்று இருக்கும். நம் மாவட்டத்தில் மாந்தோப்போ மாங்கூழ்த் தொழிற்சாலை வேலையோ உள்ளவர்களுக்கு மே, ஜூனில் ஊரைவிட்டு நகர முடியாது. அவர்களுக்குத் தை மாதமே வசதி.

காலத்துக்கேற்ப கரை மாறும் என்பதை மறக்காதீர்கள். இராமேஸ்வரம் தீவின் வடகரை பாக் விரிகுடாவையும் தென்கரை மன்னார் வளைகுடாவையும் பார்த்திருக்கிறது. கச்சான் காலத்தில் வடகரைத் தண்ணீர் குளம்போல் சமமாகத் தெரியும். அதைப் பார்த்து அங்கே இறங்கினால், காற்று உங்களைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். எதிர்காற்றில் ஏறத் தெரியாதவர் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கக் கூடாது. வாடைக் காலத்து வடகரையில் காற்று உங்களைக் கரைக்கே திருப்பிவிடும் என்பதால், புதியவருக்கு அதுவே நல்லது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது.

போகும் முன் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பையும், வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். அருகிலுள்ள கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் பெயர், தங்கும் இடம், இறங்கும் கரை, திரும்பும் நேரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். எல்லை அருகிலுள்ள கடல் அது. ஆதார் நகலையும் கைபேசியையும் நீர்புகாப் பையில் உடலோடு வைத்திருங்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்காதீர்கள்.

இவ்வளவு தூரம் போவதற்குப் பதிலாக கே.ஆர்.பி. அணையிலோ கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலோ சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். நீர்வளத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், குன்றுகளுக்கு நடுவே காற்று விட்டுவிட்டு, திசை மாறி வீசுவதால், ஓர் அமைப்பையும் மற்றோர் அமைப்பையும் ஒப்பிட அது உதவாது.

9. தண்ணீரில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்

12 நாட் முதல் 18 நாட் வரை, அதாவது மணிக்கு 22 முதல் 33 கிலோமீட்டர் வரை சீராக வீசும் காற்று சோதனைக்கு ஏற்றது. ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீர்புகாப் பையில் வைத்த கைபேசியில் பாதையைப் பதிவு செய்யலாம். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், திரும்பி மறுபக்கம் ஐந்து நிமிடம், இரண்டிலும் வேகம் குறையாமல் இயன்றவரை காற்றை நோக்கி ஏறுங்கள். கரைக்கு வந்து இரண்டு பாதைகளின் திசையையும் பாருங்கள். தென்மேற்குக் காற்றில் ஒரு பாதை 170 பாகையும் மற்றது 280 பாகையும் காட்டினால், இடைக்கோணம் 110. அதில் பாதியான 55 பாகைதான் காற்றோடு உங்கள் கோணம். இதையும் சராசரி வேகத்தையும் எழுதிய பிறகு, ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: டவுன்ஹாலில் ஒரு சென்டிமீட்டர், அல்லது மாஸ்ட் அடியில் ஒரு சென்டிமீட்டர். பிறகு அதே பாதை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல், அடுத்த பயணத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவீர்கள். ஒரு நாளில் நான்கு மாற்றங்களுக்கு மேல் சோதிக்க முடியாது. களைத்த உடல் தரும் எண்களை நம்பவும் கூடாது.

நிற்கும் முறையும் இதே சோதனையில் சேரும். பிளேனிங்கில் இருக்கும்போது குதிகாலால் பலகையின் ஓரத்தை அமுக்காமல், இரண்டு பாதங்களாலும் பலகையைப் பக்கவாட்டில் உங்களிடமிருந்து தள்ளுவதுபோல் அழுத்துங்கள். அந்த அழுத்தம் ஃபின்னுக்குப் போய்ச் சேருகிறது. பாயைப் பின்னோக்கிச் சாய்த்து அதன் அடிவிளிம்பு பலகையை நெருங்கும்படி வையுங்கள். பார்வை நீங்கள் போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். காற்று குறைந்து பலகை மெதுவாகும்போது ஓர் அடி முன்னே வந்து, காற்று போகும் பக்கத்து ஓரத்தை விரல்களால் இலேசாக அமுக்கினால், அந்த ஓரமே ஃபின்னுக்குத் துணையாகப் பிடிப்புத் தரும். நடுவில் கீழே இறக்கி ஏற்றக்கூடிய டேகர்போர்டு என்ற தகடு உள்ள பயிற்சிப் பலகை வைத்திருப்பவர்கள், மெதுவான ஓட்டத்தில் அதை முழுவதும் இறக்கியும், பிளேனிங் தொடங்கியவுடன் முழுவதும் ஏற்றியும் வைக்க வேண்டும். வேகத்தில் இறக்கிவைத்தால் அது பலகையையே புரட்டிவிடும்.

10. ஊர் திரும்பும்போது

கரையிலேயே டவுன்ஹாலைத் தளர்த்தி, நீட்சி, மாஸ்டைப் பலகையோடு இணைக்கும் யுனிவர்சல், ஃபின் திருகு ஆகியவற்றை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இறுகிய நீட்சியை மாஸ்டிலிருந்து பிரிக்க எனக்கு ஒருமுறை இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பலகையை வெள்ளி நிறப் பையில் போட்டுக் காரின் மேல் கட்டும்போது, பக்கவாட்டில் வண்டியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, பின்னால் நீண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள்.

காற்றுத் திருகு பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான். கடல் மட்டத்தில் மூடிய பலகையோடு நீங்கள் தொப்பூர்க் கணவாய் ஏறி தர்மபுரி, கிருஷ்ணகிரி வருகிறீர்கள். ஓசூர்க்காரர்கள் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் வரை போகிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய, வெயிலில் சூடான உள்காற்று பலகையின் தோலை வெளியே தள்ளும். ஆகவே கிளம்பும்போதே திருகைத் தளர்த்திவிடுங்கள். தானாகவே காற்றை விடும் புதிய வகைத் திருகு உள்ளவர்களுக்கு மட்டும் இது தேவையில்லை. தளர்த்தியவுடன், பாயைக் கட்டும்போது கட்டாயம் கண்ணில் படும்படி, பூமின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். அடுத்த பயணத்தில் திருகையும் அதன் ரப்பர் வளையத்தையும் துடைத்து இறுக்கிய பிறகு மட்டுமே அந்த நாடாவை அவிழ்க்க வேண்டும்.